மச்சம் இடம் மாறிய பாடம்

பெரிய சார் பேசுவார், அவள் டைப் அடிப்பாள். அதுதான் அவளுடைய வேலை.

பெரிய சாரை அவள் நேரில் பார்த்ததே இல்லை. அந்த டியூஷன் கம்பெனியில் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. எப்போதோ ஒரு ஸ்டூடியோவில் நல்ல விளக்கு வெளிச்சத்தில் அவர் பேசிவிட்டுப் போனதைத்தான் தினமும் ஓடவிட்டார்கள். அவர் கையை விரித்தால் பூமி உருண்டை காற்றில் சுழலும். விரலைச் சொடுக்கினால் எரிமலை வெடிக்கும். சந்தேகம் வந்தால் மட்டும் அவரைக் கேட்க முடியாது. பிள்ளைகள் கீழே ஒரு கட்டத்தில் சந்தேகத்தை எழுத வேண்டும். வீட்டில் உட்கார்ந்தபடி அதற்குப் பதில் டைப் அடிப்பது அவள். பிள்ளைகளுக்கு அவள் பெயர் ‘உதவி’. கம்பெனி வைத்த பெயர் அது.

ஒருநாள் ஒரு பிள்ளை கேட்டது: “நீ மனுஷியா, மெஷினா?”

“மனுஷி. காபி குடித்துக்கொண்டே உனக்குப் பதில் சொல்கிறேன்” என்று அடித்தாள்.

“மெஷின் இப்படியும் பொய் சொல்லும்” என்று பதில் வந்தது.

அன்று அவள் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. கரும்பலகை முன்னால் நின்று, கடைசி பெஞ்சில் தூங்குகிறவனையும் எழுப்பிப் பாடம் நடத்தியவள் அவள். அந்தப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள், அவ்வளவுதான். அவளுடைய தொண்டையை யாரும் மூடவில்லையே. நன்றாகப் பாடம் நடத்த வரும் என்பதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. மற்றவர்களுக்குத்தான் அது இன்னும் தெரியவில்லை.

மேலாளருக்குப் போன் போட்டாள்.

“எனக்கும் ஒரு நேரடி வகுப்பு வேணும் சார். என் குரல்ல.”

“பெரிய சார் வீடியோவுக்கு என்னம்மா குறைச்சல்?”

“ஒரு குறையும் இல்ல. ஆனா அவர் யாரையும் பாக்கறதில்லையே சார்.”

மேலாளர் கெட்டவர் இல்லை. எதையும் நம்பிக் கெட்டுப்போகக் கூடாது என்று இருப்பவர். கொஞ்ச நேரம் பேனாவால் மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது.

“சரி, ஒரே ஒரு வகுப்பு தர்றேன். எட்டாம் வகுப்பு, இதயம். நானும் உள்ள வந்து பாப்பேன். நல்லா வந்துச்சுன்னா உங்களுக்குன்னு ஒரு வகுப்பு. சொதப்புனா மறுபடி டைப்பிங். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.”

“எடுக்க மாட்டேன் சார்.”

“வெறும் வாயால பேசுனா இந்தக் காலத்துப் பிள்ளைங்க நிக்காது. படம் ஓடணும். அசையணும். சத்தம் வரணும்.”

“வரும் சார்” என்றாள். எங்கிருந்து வரும் என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை.

வரவேண்டிய இடம் பக்கத்து அறைதான். அவள் கணவன் கல்யாண வீடியோ எடிட்டர். முன்னறை முழுக்க அவனுடைய கம்ப்யூட்டர்களும் வயர்களும். யாரோ ஒரு மணப்பெண் எந்நேரமும் அந்தத் திரையில் அழுதுகொண்டே சிரிப்பாள். அழுகையைக் குறைத்துச் சிரிப்பைக் கூட்டுவது அவன் தொழில்.

“டீச்சரம்மா, என்கிட்ட விட்டுடு. பெரிய சார் பொறாமைப்படுற மாதிரி பண்ணித் தர்றேன்” என்றான்.

படுக்கையறை அலமாரிக் கதவில் பெரிய வெள்ளைத் தாளை ஒட்டி, இதயத்தை அவளே வரைந்தாள். நல்ல ரத்தம் இருக்கும் பாதிக்குச் சிவப்பு, கெட்ட ரத்தம் இருக்கும் பாதிக்கு நீலம். எழுத்து எதுவும் எழுதவில்லை. பெயர்களெல்லாம் கம்ப்யூட்டரில் பளபளவென்று தானே வந்து நிற்கும் என்று கணவன் சொல்லியிருந்தான். சிவப்புக்கு இடது, நீலத்துக்கு வலது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

மேசை விளக்கைத் தூக்கிப் பிடிக்கும் வேலை நாத்தனாருக்கு. கணவனின் அக்கா. கூடவேதான் இருக்கிறார். எதைச் செய்தாலும் ஒரு விமர்சனத்தோடுதான் செய்வார்.

“இதயம்னு சொல்றே. பாத்தா கத்திரிக்காய் மாதிரி இருக்கு.”

“நிஜ இதயம் ஏறக்குறைய அப்படித்தான் அண்ணி இருக்கும்.”

“அப்ப என் தம்பிக்கு இருக்கிறது முத்துன கத்திரிக்காய்.”

“அக்கா, விளக்கு ஆடுது” என்றான் கேமராவுக்குப் பின்னால் இருந்த தம்பி.

சொல்ல வேண்டியவற்றைத் தாளில் எழுதி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருந்தாள். அதைப் பார்த்துப் பார்த்துப் பேசினாள். பேச்சு தங்குதடையில்லாமல் வந்தது. ஒரே மூச்சில் முடித்துவிட்டு, விளக்குப் பிடித்த கையை நாத்தனார் உதறிக்கொண்டிருந்தபோது, “எப்படி?” என்றாள்.

“எனக்கே புரிஞ்சுதுன்னா பாத்துக்கோ” என்றார் அவர். அந்த வாயிலிருந்து அது பெரிய சான்றிதழ்.

மறுநாள் மத்தியானம் கணவன் கூப்பிட்டுக் காட்டினான். முதலில் வயலின் கேட்டது. பிறகு ரோஜா நிறத்தில் ஒரு இதயம் துடித்துக்கொண்டே வந்தது, வாழ்த்து அட்டையில் அம்பு விட்டு வரைவார்களே, அந்த இதயம். அதன்மேல் சிவப்பு இதழ்கள் மழையாகக் கொட்டின. மழைக்கு நடுவே அவள் தோன்றி, “இதயம் ஒரு தசை” என்றாள்.

“ஏங்க, இது பாடமா, கல்யாண ஊர்வலமா?”

“அசையணும்னு சொன்னாரே உங்க மேலாளர். அசையுதுல்ல?”

“இதழை எடுங்க. வயலினை எடுங்க. அந்த இதயத்தை முதல்ல எடுங்க, அது இதயமே இல்ல.”

“இந்தப் பூ மழைக்காகவே ஆளுங்க என்னைத் தேடி வர்றாங்க தெரியுமா?”

“பொண்ணு மாப்பிள்ளைங்க வருவாங்க. பிள்ளைங்க ஓடிப்போயிடும்.”

பெரிய மனசு பண்ணி எடுத்தான். எடுத்தபிறகு மறுபடி போட்டுக் காட்டினான். இப்போது அவளும் தாளும் மட்டும். சிவப்புப் பக்கத்தின்மேல் ‘இடது கீழறை’ என்று எழுத்து வந்து அமர்ந்தது, நீலப் பக்கத்தின்மேல் ‘வலது கீழறை’. எல்லாம் அவள் எழுதிக் கொடுத்தபடிதான். ஆனால் உண்மையைச் சொன்னால் அவள் பார்த்தது அதை இல்லை. தன் முகத்தை.

வீடியோவில் எடுத்த தன் முகம் அவளுக்கு எப்போதுமே பிடிக்காது. வகிடு கோணலாகவும் வாய் ஒருபக்கம் இழுத்ததாகவும் யாரோ தூரத்துச் சொந்தக்காரி மாதிரி இருக்கும். இதில் அப்படி இல்லை. காலையில் கண்ணாடியில் பார்க்கும் அதே முகம். கன்னத்து மச்சம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. வீடியோவில் இருப்பவள் தானேதான் என்று முதல்முறையாக அவளுக்குத் தோன்றியது. இன்னொரு முறை போடச் சொல்லி, அதிலும் முகத்தையே பார்த்தாள்.

“என்ன பண்ணீங்க? நல்லா இருக்கேனே.”

“தொழில் ரகசியம்” என்றான் கணவன், காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு.

வகுப்பு நாள் வந்தது. படுக்கையறைக் கதவில் ‘வகுப்பு நடக்கிறது, குக்கர் வைக்காதீர்கள்’ என்று ஒரு தாள். லேப்டாப் திரையில் வரிசை வரிசையாகக் கறுப்புக் கட்டங்கள். எந்தப் பிள்ளையும் கேமராவைப் போடாது. சொந்தப் பெயரும் இருக்காது. ஒரு கட்டத்தில் ‘நிலாப்பூனை’. இன்னொன்றில் ‘பேட்டரி தீரப்போகிறது’. மூன்றாவது வரிசையில் ஒருவன் தனக்கு ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது’ என்றே பெயர் வைத்திருந்தான். அதைப் பார்த்துவிட்டு எந்த டீச்சரும் அவனைக் கேள்வி கேட்டதில்லை. ஓரத்தில் ‘மேலாளர்’ என்று ஒரு கட்டம். அதுவும் கறுப்பு.

“வணக்கம் பிள்ளைங்களா. ‘உதவி’ன்னு ஒருத்தி உங்களுக்குப் பதில் எழுதுவாளே, அது நான்தான்.”

“அய்யோ, மனுஷியா!” என்று எழுத்து வந்து விழுந்தது.

“மனுஷிதான். இன்னைக்குக் காபி குடிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்.”

சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன. நல்ல தொடக்கம். வீடியோவை ஓடவிட்டாள். கதவோரம் நின்ற கணவன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

பாதி ஓடியிருக்கும். நிலாப்பூனை எழுதியது: “டீச்சர், நீங்க இரட்டைப் பிறவியா?”

“ஏன்?”

“வீடியோல மச்சம் ஒரு கன்னத்துல இருக்கு. இப்ப பேசுனப்ப அடுத்த கன்னத்துல இருந்துச்சு.”

அடுத்த வரி அதே பிள்ளையிடமிருந்து வந்தது. “புத்தகத்துல இருக்கிற இதயமும் இதுக்கு நேர்மாறா இருக்கு. அதுல சிவப்பு அந்தப் பக்கம், இதுல இந்தப் பக்கம். எது சரி?”

அவள் ஓடிக்கொண்டிருந்த வீடியோவைப் பார்த்தாள். இந்த முறை முகத்தைப் பார்க்கவில்லை. வகிடு, மச்சம், தாள், இதயம். எல்லாமே கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி இருந்தன. ‘இடது கீழறை’ என்ற எழுத்து திரையின் இடதுபக்கம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. இதயத்தின் நுனி தப்பான பக்கம் சாய்ந்திருந்தது.

மைக்கை அணைத்துவிட்டு, “படத்தைத் திருப்புனீங்களா?” என்றாள்.

“ஆமா” என்றான் கணவன் பெருமையாக. “சிவப்புக்கு இடதுன்னு நீ எழுதிக் கொடுத்தே, படத்துல சிவப்பு வலது பக்கம் இருந்துச்சு. பொண்ணும் மாப்பிள்ளையும் பக்கம் மாறி நின்னா நாங்க திருப்பி விட்டுடுவோம். அப்பதான் ரெண்டும் அதது இடத்துல இருக்கும். நீ எழுதுன இடதும் கரெக்டா இடது பக்கம் வந்துடுச்சு பாத்தியா?”

அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்துவதற்கு நேரமில்லை. திரையின் மூலையில் மேலாளரிடமிருந்து அவளுக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது. “பிள்ளைகள் சொல்வது சரியா? வீடியோவில் தவறா?”

நெட் சரியில்லை என்று சொல்லிவிட்டு வெளியேறலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நாளையிலிருந்து மறுபடி டைப் அடிக்கலாம். மவுஸை ‘வெளியேறு’ பொத்தான் வரை நகர்த்தினாள். பிறகு அவள் வீடியோவை நிறுத்தினாள். கேமராவைத் தன் முகத்துக்கு நேராக வைத்து மைக்கைத் திறந்தாள்.

“நிலாப்பூனை, சபாஷ். புத்தகம் ஒண்ணு சொல்லுது, என் வீடியோ வேற ஒண்ணு சொல்லுது. ரெண்டுல ஒண்ணு தப்பு. எதுன்னு நான் சொல்லப் போறதில்ல.”

“அப்புறம் யார் சொல்வாங்க?” என்றது பேட்டரி தீரப்போகிறது.

“உங்க நெஞ்சு சொல்லும். ஆளுக்கு ஒரு தாள் எடுங்க. வீடியோவை நம்புறவங்க வீடியோல பாத்த மாதிரி வரைங்க. புத்தகத்தை நம்புறவங்க அதைப் பாத்து வரைங்க. அழகா வேணாம், கத்திரிக்காய் மாதிரி இருந்தா போதும். சிவப்பும் நீலமும் மட்டும் சரியா இருக்கணும்.”

மேலாளரின் அடுத்த செய்தி வந்தது. “இது திட்டத்தில் இல்லையே?” அவள் அதைப் படித்தாள். மூடினாள்.

“வரைஞ்சாச்சா? இப்ப அதை அப்படியே சட்டைமேல, நெஞ்சுக்கு நேரா மாட்டுங்க. படம் வெளியே தெரியணும், எதிர்ல நிக்கிறவங்க பாக்குற மாதிரி.”

“எதுல மாட்ட?”

நாத்தனார் அதற்குள் பால்கனிக்குப் போய்விட்டு வந்திருந்தார். கொடியில் காய்ந்த துணியையெல்லாம் அப்படியே கீழே விட்டுவிட்டு, கிளிப்பை மட்டும் கை நிறைய அள்ளி வந்திருந்தார். டீச்சர் ஒரு வெற்றுத் தாளைக் கழுத்தோரத் துணியில் இரண்டு கிளிப் போட்டுத் தொங்கவிட்டுக் காட்டினாள்.

“துணி கிளிப் இருந்தா கிளிப். டேப் இருந்தா டேப். எதுவும் இல்லேன்னா கையால பிடிச்சுக்கோங்க. ஆனா எனக்குத் தெரியணுமே, கேமராவைப் போட்டாத்தானே தெரியும்?”

முதலில் நிலாப்பூனையின் கட்டம் வெளிச்சமானது. இரட்டைச் சடை போட்ட பெண், நெஞ்சில் ஒரு கோணல் இதயம். “நான் புத்தகக் கட்சி!” என்றாள். அவ்வளவுதான், எதிர்க்கட்சிக்குப் பொறுக்குமா? ஒவ்வொரு கட்டமாக வெளிச்சம் வந்தது. ஒரு பையன் பற்பசையைத் தடவி ஒட்டியிருந்தான். பின்னாலிருந்து ஒரு அம்மா, “புதுச் சட்டைடா பாவி!” என்று கத்துவது எல்லோர் வீட்டிலும் கேட்டது.

“இப்ப யாரும் திரையைப் பாக்காதீங்க. அதுல உங்க முகம் கண்ணாடி மாதிரி திரும்பித்தான் தெரியும், அது ஏமாத்தும். குனிஞ்சு உங்க நெஞ்சைப் பாருங்க. இதயத்தோட நுனி உங்க எந்தக் கைப் பக்கம் சாயுது?”

“இடது கை!” என்றது புத்தகக் கட்சி.

“எனக்கு வலது கை” என்று இதுவரை கேட்டிராத ஒரு குரல் வந்தது. இணைப்பு துண்டிக்கப்பட்டது. ஒல்லியாக, மூக்குக் கண்ணாடியோடு ஒரு பையன். “டீச்சர், நான் வீடியோவைப் பாத்து வரைஞ்சேன். அப்ப எனக்கு இதயம் வலது பக்கமா இருக்கு?”

“அபூர்வமா சிலருக்கு அப்படி இருக்கும். நீ அந்த ஆளான்னு பாத்துடலாமா? எழுந்திரு. மூச்சு வாங்குற வரைக்கும் குதி.”

அவன் குதித்தான். கேட்காமலே மற்றவர்களும் குதித்தார்கள். கட்டம் கட்டமாகத் தலைகள் மேலே போய்க் கீழே வந்தன. ஒரு தலை போனது, நாற்காலி விழுந்த சத்தத்துக்குப் பிறகுதான் திரும்பி வந்தது.

“இப்ப இயர்போன் மைக்கைச் சட்டைக்குள்ள விட்டு, இடது பக்கம் வச்சுப் பிடி. மத்தவங்க எல்லாரும் மைக்கை அணைங்க.”

ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகம் ஒரு கணம் வாடியது. கதவோரத்திலிருந்து கணவன் கிசுகிசுத்தான்: “இரைச்சலைக் குறைக்கிற வசதி ஆன்ல இருக்கும். அது இதயத்தையும் இரைச்சல்னு நினைச்சு வெட்டிடும். அதை ஆஃப் பண்ணச் சொல்லு.”

சொன்னாள். பையன் எதையோ தேடித் தட்டினான்.

லப்-டப். லப்-டப். லப்-டப்.

சட்டைத் துணி உரசும் சத்தத்துக்கு நடுவே, வேகமாக, உருண்டையாக அது வந்தது. வாயைத் திறந்தபடி இருந்தான் அவன். இத்தனை நாள் துண்டிக்கப்பட்டிருந்தவனின் இதயம் எல்லோர் வீட்டிலும் அடித்தது. நாத்தனார் தன்னையறியாமல் தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“வலது பக்கம் மாத்திப் பாரு.”

சத்தம் மங்கியது.

“எனக்கும் இடதுதான் டீச்சர்” என்றான் அவன். “வீடியோ தப்பு.”

“வீடியோ தப்பு. கண்ணாடி மாதிரி திரும்பிடுச்சு, நான் கவனிக்கல. புத்தகத்துல இடது ஏன் வலதுகைப் பக்கம் இருக்குன்னு இப்ப யார் சொல்வீங்க?”

பற்பசைக்காரன் கையைத் தூக்கினான். “அது நம்ம இதயம் இல்ல டீச்சர். நமக்கு எதிர்ல நிக்கிற ஆளோட இதயம்.”

இதைவிட நன்றாகப் பெரிய சாரும் சொல்லியிருக்க முடியாது என்று அவள் நினைத்தாள். அதை வைத்தே மேலே போனாள். இடதுசுவர் ஏன் தடிமன், ரத்தம் எங்கே போய் எங்கே திரும்புகிறது, எல்லாவற்றையும் அவரவர் நெஞ்சில் விரலை ஓட்டிக் காட்டச் சொன்னாள்.

நடுவில் நிலாப்பூனை கேட்டது: “டீச்சர், ‘மேலாளர்’னு ஒரு கறுப்புக் கட்டம் இருக்கே. அவருக்கு இதயம் கிடையாதா?”

கதவோரம் கணவன் வாயைப் பொத்திக்கொண்டான். டீச்சர் என்ன பதில் சொல்வது என்று யோசிப்பதற்குள் அந்தக் கட்டமும் வெளிச்சமானது. மேலாளர் கழுத்துப் பட்டையின் கிளிப்பில் ஒரு தாளைச் செருகியிருந்தார். அதில் பேனாவால் வரைந்த இதயம், ஒரு பாதியில் மட்டும் கோடு கோடாக நிழல்.

“சார், உங்களுக்கு நுனி வலது பக்கம் போகுது!” என்று வகுப்பே கத்தியது.

“நான் வீடியோவை நம்பிட்டேன்” என்றார் அவர்.

வகுப்பு முடிந்ததும் போன் வந்தது.

“வீடியோல அவ்வளவு பெரிய தப்பு. போடறதுக்கு முன்னாடி பாக்கலையாம்மா?”

“பாத்தேன் சார். என் முகத்தை மட்டும் பாத்துட்டேன்.”

எதிர்முனையில் பேனா தட்டும் சத்தம். “நல்லவேளை, சமாளிச்சுட்டீங்க.”

“சமாளிக்கல சார். பாடம் நடத்துனேன். எத்தனை பேர் கேமரா போட்டாங்கன்னு பாத்தீங்கல்ல?”

தட்டும் சத்தம் நின்றது. “நானே போட்டேனே” என்றார். பிறகு, “சனிக்கிழமை காலை வகுப்பு இருக்கு. எந்த டீச்சரும் அதை எடுத்துக்கறதில்ல. பிள்ளைங்க தூங்கி வழியும்.”

“தூங்குறதை எழுப்ப எனக்கு வரும் சார். கட்டத்துல மட்டும் ‘உதவி’ன்னு போடாதீங்க. ‘டீச்சர்’னு போடுங்க.”

“போடச் சொல்றேன். அந்த வீடியோவை முதல்ல திருத்திடுங்க.”

முன்னறைக்குப் போனாள். கணவன் ஏற்கெனவே அந்த வீடியோவைத் திறந்து வைத்து, குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தான். “ஒரே தட்டு. நேராக்கிடறேன்” என்றான்.

“வேணாம். இது இப்படியே இருக்கட்டும். அடுத்த வகுப்புல இதைத்தான் முதல்ல போடப் போறேன். தப்பைக் கண்டுபிடிங்கன்னு சொல்லி. நேரான வீடியோ இன்னொண்ணு தனியாப் பண்ணுங்க, அதைக் கடைசியில காட்டலாம்.”

“தப்புன்னு தெரிஞ்சே போடுவியா?”

“தெரியாமப் போட்டதுக்கே வகுப்பு கிடைச்சுது. தெரிஞ்சு போட்டா எப்படி இருக்கும்?”

அடுக்களையிலிருந்து நாத்தனார் குரல் கொடுத்தார். “துணியெல்லாம் தரையில கிடக்கு. அதையும் யாராவது ஒரு தட்டுல நேராக்குங்க.”

டீச்சர் நாற்காலியை இழுத்துப்போட்டுக் கணவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அந்தப் பூ மழை இருக்கா, அழிச்சுட்டீங்களா?”

“அதை யாராவது அழிப்பாங்களா?”

“இதழைச் சின்னதாக்குங்க. வட்டமா, நடுவுல லேசாக் குழிஞ்ச மாதிரி. மேலேருந்து கொட்ட வேணாம். மேலறையில இருந்து கீழறைக்கு இறங்கி, குழாய் வழியா உடம்புக்கு ஓடணும். துடிக்கத் துடிக்க ஓடணும்.”

அவன் முகம் மெல்ல மலர்ந்தது. விரல்கள் விசைப்பலகையில் ஓடின. கொஞ்ச நேரத்தில், எத்தனையோ மணமக்கள் தலையில் விழுந்த அந்தச் சிவப்பு இதழ்கள் ரத்த அணுக்களாகி, அவள் வரைந்த இதயத்துக்குள் திரள் திரளாக நுழைந்து வெளியேறின. நேரான இதயம், சரியான பக்கம் சாய்ந்த நுனி. பக்கத்தில் வகிடு கோணலாக, வாய் ஒருபக்கம் இழுத்தபடி, அந்தத் தூரத்துச் சொந்தக்காரி நின்றாள்.

“வேணும்னா உன்னை மட்டும் தனியா வெட்டித் திருப்பிடவா?” என்றான் அவன். “மச்சம் உனக்குப் பிடிச்ச பக்கம் வந்துடும்.”

அவள் திரையில் இருந்தவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிள்ளைகள் பார்க்கும் முகம் இதுதான்.

“மச்சம் இருக்கிற பக்கமே இருக்கட்டும்” என்றாள். “நிலாப்பூனை விடமாட்டா.”